செட்டிநாட்டு வீட்டுக் கிணற்றில் மோட்டார் வைக்கும்போது நடக்கும் தவறுகள்

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் மோட்டார் ஓடித் தேய்வதைவிட ஓடாமல் கிடந்து கெட்டுப்போவதுதான் அதிகம். பிள்ளையார் நோன்பு, கல்யாணம், கோவில் விசேஷம் என்று வருடத்தில் சில நாள் வீடு திறக்கும். மற்ற மாதங்களில் வீட்டுக்காரர்கள் சென்னையிலோ மலேசியாவிலோ இருப்பார்கள். வீட்டின் அமைப்பும் வேறு. முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். கடையில் கொடுக்கும் மோட்டாரும் பிளம்பரின் கைப்பழக்கமும் சின்ன வீட்டுக் கணக்கிலேயே இருப்பதால், கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் போய்ச் சறுக்குகின்றன.

முதல் சறுக்கல், எந்த மாதத்தில் அளவெடுக்கிறோம் என்பதில். கார்த்திகை மார்கழியில் ஊருக்கு வருகிறோம். மழை பெய்து கிணற்றில் தண்ணீர் மேலே நிற்கிறது. அதைப் பார்த்து மோட்டாரை வைத்துவிடுகிறோம். வைகாசியில் காப்புக்கட்டுக்கு வந்தால் மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் மட்டும் வரவில்லை. மேலே வைக்கும் மோனோபிளாக் மோட்டார் குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். தண்ணீரை மேலே தள்ளுவது வெளிக்காற்று. அந்தக் காற்றால் கணக்குப்படி 10.3 மீட்டர், அதாவது 34 அடிக்கு மேல் தள்ளவே முடியாது. நடைமுறையில் 20, 22 அடி தாண்டினாலே தகராறுதான். எத்தனை குதிரைத்திறன் போட்டாலும் இந்த எல்லை நகராது. ஆகவே கோடையில் தண்ணீர் எவ்வளவு இறங்கும் என்று பக்கத்து வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு மோட்டார் வாங்குங்கள். 20 அடிக்குக் கீழே போகும் என்றால் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும் ஓப்பன்வெல் சப்மெர்சிபிள்தான் சரி. அதைக் கயிற்றிலோ செயினிலோ தொங்கவிட வேண்டும். கரண்ட் வயரைப் பிடித்து இறக்குவதும் தூக்குவதும் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது கைப்பிடிச் சுவர். இதைக் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் புரியும். கிணற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சும் சக்ஷன் பைப் மேலே வருகிறது, மூன்றடிச் சுவரின் தலையில் ஏறி வளைகிறது, மறுபடி கீழே இறங்கித் தரையில் உள்ள மோட்டாருக்குள் போகிறது. பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் பைப்பில் வரும் காற்றெல்லாம் அந்த மேட்டில் போய்த் தங்கிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றி ஏற்றினால் கொஞ்ச நேரம் வரும், அப்புறம் விட்டுவிட்டு வரும், பிறகு நின்றுவிடும். பைப்பின் அடிமுனையில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வைக் குறை சொல்லி மாற்றுவார்கள், அதன்பிறகும் இதே கதை. சக்ஷன் பைப் கிணற்றிலிருந்து மோட்டார் வரைக்கும் ஏறிக்கொண்டே வர வேண்டும், எங்கேயும் இறங்கக் கூடாது. சுவரில் மோட்டாரின் வாய்க்குச் சற்றுக் கீழே ஒரு துளை போட்டு, பைப்பை லேசாக மேல்நோக்கிச் சாய்த்துக் கொண்டுவந்தால் வேலை முடிந்தது.

சக்ஷன் பக்க ஜாயின்ட்டுகளில் இன்னொரு ஏமாற்று உண்டு. மோட்டார் ஓடும்போது அங்கே ஓட்டை இருந்தாலும் ஒரு சொட்டு வெளியே வராது. தண்ணீரை வெளியே விடுவதற்குப் பதில் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஈரமே இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். தண்ணீர் வெளியே போகும் டெலிவரி பைப்பில் நுரையும் குமிழியுமாக வந்தால், மோட்டார் ஓடும்போதே ஒவ்வொரு ஜாயின்ட் மேலும் ஒரு சொம்பு தண்ணீரை மெல்ல ஊற்றிப் பாருங்கள். குமிழி நிற்கும் இடத்தில்தான் ஓட்டை. ஃபுட் வால்வு கிணற்றின் அடிச் சேற்றிலிருந்து ஒரு அடியாவது மேலே நிற்கட்டும்.

பைப், வயர் இரண்டிலும் நடக்கும் தவறுக்கு வீட்டின் நீளம்தான் காரணம். கிணறு பின்கட்டில், டேங்க் முன்பக்கத்துக் குளியலறைக்கு மேலே. நடுவில் 200 அடி. பெட்டியில் போட்டிருக்கும் அதிகபட்ச உயரத்தைப் பார்த்து நம் வீட்டுக்கு இது தாராளம் என்று வாங்குகிறார்கள். அந்த உயரத்தில் தண்ணீர் வரவே வராது, பைப்புக்குள் நிற்கும், அவ்வளவுதான். மோட்டாரின் நேம் பிளேட்டில் உள்ள உயர வீச்சின் நடுப்பகுதியில் நம் உயரம் விழ வேண்டும். நிமிடத்துக்கு 30 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், 25 மி.மீ. பைப்பில் 200 அடி தள்ளுவதற்கே 3 மீட்டர் உயரம் கூடுதலாக ஏற்றும் அளவுக்குச் சக்தி வீணாகிறது. 32 மி.மீ. போட்டால் அந்த இழப்பு மூன்றில் ஒரு பங்காகக் குறையும். பெரிய மோட்டார் வாங்குவதைவிட ஒரு அளவு பெரிய பைப் மலிவு.

கரண்ட் மீட்டர் முகப்பில், மோட்டார் பின்கட்டில் என்பதால் வயரும் அதே 200 அடி போக வேண்டும். அரை எச்.பி. மோட்டார் ஓடும்போது 4 ஆம்பியர் எடுத்தால், கிளம்பும் நொடியில் 20 வரை இழுக்கும். 1 சதுர மி.மீ. வயர் போட்டிருந்தால் அந்த நொடியில் வழியிலேயே 40 வோல்ட் போய்விடும். ஏற்கெனவே சாயங்காலம் வோல்டேஜ் குறைவு, மோட்டார் கிளம்பத் திணறும், அதைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர் போகும். 2.5 சதுர மி.மீ. செப்பு வயருக்குக் கீழே போகாதீர்கள், 4 போட்டால் இன்னும் நல்லது. ஆனால் பங்காளிகள் ஐந்து பேர் செலவைப் பிரித்துக்கொள்ளும் வீட்டில் முதலில் வெட்டுப்படுவது இந்த வயர்தான்! எர்த்தும், கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இல்லாமல் ஈரத்தில் நிற்கும் மோட்டாருக்கு கரண்ட் கொடுக்கவே கூடாது.

டேங்க் விஷயத்தில் சுருக்கமாக ஒன்று. 1000 லிட்டர் தண்ணீர் ஒரு டன். மரக்கட்டைகள் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட பழைய மாடித் தளத்தில் அதைத் தூக்கி வைக்காதீர்கள். பின்கட்டில் தனியாக இரும்புத் தாங்கி அடித்து வையுங்கள். சுவரைக் கொத்திப் பைப்பைப் புதைப்பதும் அப்படித்தான். கண்ணாடி மாதிரி இருக்கும் அந்தச் சுண்ணாம்புப் பூச்சை மறுபடி அதே மாதிரி ஒட்டித் தருவதற்கு இன்று ஆள் கிடைப்பது கஷ்டம். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லை உடைத்தாலும் பழைய நிறத்துக்கு ஜோடி அமையாது. வெளிச்சுவரில் கிளாம்ப் அடித்துக் கொண்டுபோனால் யாருக்கும் உறுத்தாது, பழுது பார்ப்பதும் சுலபம்.

இனி முதலில் சொன்ன விஷயம். ஆறு மாதம் கழித்து வீடு திறக்கிறது. வீட்டைப் பார்த்துக்கொள்பவர் போன் செய்கிறார்: "ஐயா, மோட்டார் உறுமுது, சுத்த மாட்டேங்குது." அந்த உறுமலை ஒரு நிமிடம் விட்டாலே மோட்டாரின் கம்பிச்சுற்று (காயில்) சூடேறிக் கருகும், ரீவைண்டிங் செலவு வந்து நிற்கும். நடந்தது இதுதான். உள்ளே நின்ற தண்ணீரில், தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரும் அதைச் சுற்றியுள்ள கூடான கேசிங்கும் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டன. எனவே ரொம்ப நாள் கழித்து ஸ்விட்சைப் போடுவதற்கு முன், மோட்டார் லைனின் எம்.சி.பி. ஸ்விட்சை இறக்கிவிட்டு, பின்பக்கம் ஃபேன் உள்ள முனையில் ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். பல மாடல்களில் ஸ்க்ரூ டிரைவர் வைத்துத் திருப்ப அங்கே ஒரு வெட்டு இருக்கும். தாராளமாகச் சுற்றினால்தான் கரண்ட். கேசிங்கில் தண்ணீர் ஊற்றி நிரப்பாமல் ஓட்டினால் ஷாஃப்ட் வழியே தண்ணீர் கசியாமல் அடைக்கும் மெக்கானிக்கல் சீல் சீக்கிரமே தீய்ந்துவிடும், அதையும் மறக்க வேண்டாம்.

ஊருக்குக் கிளம்பும்போது கேசிங்கின் அடியில் உள்ள டிரெயின் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வடித்துவிடுங்கள். மோட்டாரைப் பிளாஸ்டிக் உறையால் இறுக்கிக் கட்டினால் உள்ளே வேர்த்துத் துருதான் ஏறும். மேலே ஒரு தகரக் கூரை போதும். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் வடிக்கவும் தேவையில்லை, வாரம் ஒரு முறை ஐந்து நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள். அதற்கு மோட்டாருக்கு மட்டும் மீட்டர் போர்டிலிருந்து தனி லைனும் தனி ஸ்விட்சும் வேண்டும். பல வீடுகளில் ஓட்டச் சொல்லிவிட்டு, பத்திரம் என்று மெயினையே இறக்கிப் பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுபோய்விடுகிறார்கள்.