பினாங்கில் உட்கார்ந்துகொண்டு பயாத்லான் முதல் சுற்றைப் பார்ப்பது எப்படி?

பனி என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஐஸ் கச்சாங்தான். அப்படியிருந்தும் நவம்பர் கடைசியில் பயாத்லான் உலகக் கோப்பை தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டில் விளக்கு சீக்கிரம் அணையாது. முதல் தடவை பார்த்தபோது ஒன்றும் புரியாமல் பாதியில் தூங்கிவிட்டேன். தப்பான போட்டியில் ஆரம்பித்ததுதான் காரணம்.

விளையாட்டு இவ்வளவுதான்: முதுகில் துப்பாக்கியோடு பனிச்சறுக்கிக்கொண்டு வரவேண்டும், மூச்சு வாங்க வாங்க 50 மீட்டர் தள்ளியிருக்கும் ஐந்து குறிகளைச் சுடவேண்டும், மறுபடி சறுக்கி ஓடவேண்டும்.

படி 1: நேரக் கணக்கு. 2022, 2024 இரண்டிலும் முதல் சுற்று பின்லாந்தின் கொந்தியோலாஹ்தியில் நடந்தது, 2023, 2025 இரண்டிலும் சுவீடனின் ஓஸ்டர்சுண்டில். அந்தச் சமயத்தில் பின்லாந்து நமக்கு 6 மணி நேரம் பின்னால், சுவீடன் 7 மணி நேரம். ஓஸ்டர்சுண்டில் சாயங்காலம் 4 மணி என்றால் (அங்கே அப்போதே இருட்டிவிடும், விளக்கு வெளிச்சத்தில்தான் ஓட்டம்) இங்கே ராத்திரி 11. இன்னொரு விஷயம், அந்த ஊரில் போன குளிர்காலப் பனியை மரத்தூள் போட்டு மூடி, கோடை முழுக்கக் காப்பாற்றி, சீசன் தொடங்கும்போது வாரிப் பாதையில் கொட்டுகிறார்கள். அந்தக் காலத்தில் ஐஸ் கட்டியை மரத்தூளில் புதைத்து விற்பார்கள் என்று தாத்தா சொல்வார், அதே வித்தை.

படி 2: பார்ப்பதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. இரண்டு 50 சென் காசுகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். அந்த அகலம்தான், ஏறக்குறைய 4.5 சென்டிமீட்டர், படுத்துச் சுடும்போது குறி. நின்று சுடும்போது 11.5 சென்டிமீட்டர், சிடி தட்டைவிட ஒரு நூல் சின்னது. வேடிக்கை என்னவென்றால் சுடுகிறவர் கண்ணுக்கு இரண்டு தடவையும் ஒரே அளவுக் கறுப்பு வட்டம்தான் தெரியும், படுத்திருக்கும்போது அதன் நடுப்பகுதியில் பட்டால் மட்டுமே கணக்கு. அப்புறம், உங்கள் பிளாட்டில் லிஃப்டை விட்டுவிட்டு ஐந்து மாடி ஓடி ஏறி, உடனே ஊசியில் நூல் கோர்த்துப் பாருங்கள். எனக்கு நாலாவது முயற்சியில்தான் நுழைந்தது. இதைச் செய்யாமல் போட்டியைப் பார்த்தால் "இவ்வளவு பெரிய ஆள் இதைத் தவறவிடுகிறாரே" என்று திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

படி 3: ஸ்பிரிண்டில் தொடங்குங்கள். தனிநபர் நெடுந்தூரப் போட்டி (ஆண்கள் 20, பெண்கள் 15 கிலோமீட்டர்) இப்போதைக்கு வேண்டாம், நான் தூங்கியது அதில்தான். அதில் ஒரு குறி தவறினால் ஒரு நிமிடம் நேரத்தில் சேரும், யார் முன்னால் என்று மனக்கணக்கு போட்டே அலுத்துவிடும். ஸ்பிரிண்ட் ஆண்களுக்கு 10, பெண்களுக்கு 7.5 கிலோமீட்டர், சுடுவது இரண்டே தடவை: முதலில் படுத்து, பிறகு நின்று. தவறிய ஒவ்வொரு குறிக்கும் 150 மீட்டர் தண்டனைச் சுற்று, அதற்கே இருபது விநாடிக்கு மேல் போய்விடும். 30 விநாடிக்கு ஒருவராகக் கிளம்புவதால், கோட்டை முதலில் தொட்டவர்தான் ஜெயித்தார் என்று நினைத்து ஏமாறாதீர்கள். நாசி கண்டார் வரிசையில் முன்னால் நின்றவர் முதலில் சாப்பிட்டு முடிப்பதில் அதிசயம் என்ன, எத்தனை நிமிடத்தில் முடித்தார் என்பதுதான் கேள்வி.

படி 4: ஒரு தாளில் ஐந்து வட்டம் போட்டு, ஒரே ஒரு வீரரைப் பிடித்துக்கொண்டு குண்டு குண்டாகக் குறியுங்கள். எல்லோரையும் பார்க்கப் போனால் யாரையும் பார்த்த மாதிரி இருக்காது. சுடுமிடத்தில் இருக்கும் சின்னக் கொடிகளையும் கவனியுங்கள், காற்று திரும்பினால் குண்டும் விலகும்.

படி 5: பர்சூட். சரி, இதற்காகத்தான் இவ்வளவு பாடும். ஸ்பிரிண்டில் ஜெயித்தவர் முதலில் கிளம்புவார், மற்றவர்கள் அன்றைக்கு எத்தனை விநாடி பின்தங்கினார்களோ அத்தனை விநாடி கழித்து. இங்கே கணக்கே வேண்டாம், கோட்டை முதலில் தொடுபவர்தான் வெற்றியாளர், அவருக்கு 90 புள்ளி. சீசன் முழுக்கச் சேரும் மொத்தப் புள்ளியில் முன்னால் இருப்பவருக்கு மஞ்சள் பனியன்.

நாலு தடவை சுடவேண்டும், கடைசி இரண்டும் நின்றுகொண்டு. அந்த நாலாவது தடவையில் திரையை விட்டு நகராதீர்கள். நாலு குறி விழுந்திருக்கும், ஐந்தாவதற்குத் துப்பாக்கி முனை லேசாக ஆடும், சுடாமல் இறக்கி, ஒரு மூச்சு விட்டு, மறுபடி தோளில் ஏற்றுவார். அதற்குள் பக்கத்துத் தடத்தில் இருந்தவர் கிளம்பிப் போயிருப்பார்.