காவலரின் அரைமணி நேரச் சாப்பாடு: அமெரிக்கச் சட்டத்தில் பலரும் தவறும் இடங்கள்

பாதி சாண்ட்விச்சைப் பக்கத்து இருக்கையில் போட்டுவிட்டு, அழைப்பு வந்த இடத்துக்கு ரோந்துக் காரை விரட்டுகிறார் ஒரு காவலர். மாதக் கடைசியில் பார்த்தால், அந்த அரைமணி நேரமும் ‘உணவு இடைவேளை’ என்று கழிக்கப்பட்டிருக்கிறது. உழைத்த நேரத்துக்குக் கூலி மறுப்பதற்கு இதைவிட எளிய வழி இல்லை. கணினி தானாகவே கழித்துவிடுவதால் யாரும் கேள்வி கேட்பதில்லை.

இடைவேளை தர வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது எனப் பலர் நம்புகிறார்கள். அது தவறு. 1938ஆம் ஆண்டின் நியாயத் தொழில் தரச் சட்டம், இடைவேளை விஷயத்தில், எந்த நேரத்துக்குச் சம்பளம் உண்டு என்பதைத்தான் பொதுவாகச் சொல்கிறது. இடைவேளைக்கான உரிமையைத் தொழிற்சங்க ஒப்பந்தத்திலும் மாநில விதிகளிலும்தான் தேட வேண்டும். ஆனால் 5 முதல் 20 நிமிடம் வரையிலான சிறு ஓய்வு கொடுக்கப்பட்டால், அது வேலை நேரமே. அதைக் கழிக்கக் கூடாது.

சிக்கல் சாப்பாட்டு நேரத்தில்தான். கடமையிலிருந்து முழுமையாக விடுவித்திருந்தால் மட்டுமே அதைக் கழிக்கலாம் என்கிறது கூட்டாட்சி விதி. நீதிமன்றங்கள் பலவும் வேறொரு கேள்வியைக் கேட்கின்றன: அந்த நேரம் பெரும்பாலும் யாருக்குப் பயன்பட்டது? சிகாகோ காவலர்கள் தொடுத்த வழக்கில், 1993இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த அளவுகோலைத்தான் எடுத்துக்கொண்டது. ஆகவே, சீருடையில் இருந்தேன், வாக்கி டாக்கி இடுப்பில் இருந்தது என்பதை மட்டும் சொல்லி வெல்ல முடியாது. சாப்பாட்டின் நடுவே எத்தனை முறை அழைக்கப்பட்டீர்கள், எங்கே போகத் தடை இருந்தது, பொதுமக்களுக்குப் பதில் சொன்னீர்களா என்பவையே எடைபோடப்படும். இவற்றை அன்றன்றே தேதியும் மணியும் போட்டு எழுதி வைக்காதது காவலர்கள் செய்யும் பெரிய தவறு.

அரைமணிதானே என்று விடுவதும் தவறு. வேலை நேரத்தை வாரவாரம் அல்லாமல் 28 நாளுக்கு ஒருமுறை கூட்டிப் பார்க்கும் கணக்குமுறையைத் தேர்ந்துகொண்ட துறையில், காவலருக்கு 171 மணி நேரத்துக்கு மேல்தான் ஒன்றரை மடங்கு ஓவர்டைம். ஒன்பது மணி நேர ஷிஃப்ட் 20 என்றால் 180 மணி நேரம். ஒன்பது மணி நேரம் ஓவர்டைம். ஷிஃப்டுக்கு அரைமணி கழித்தால் கணக்கு 170 ஆகிறது. ஓவர்டைம் முழுவதும் காணாமல் போகிறது.

அவசர அழைப்புகளை எடுக்கும் சிவிலியன் ஊழியர்களுக்கும் இதே 171ஐப் பொருத்தும் நிர்வாகங்கள் இருக்கின்றன. துறைக்கு அந்தச் சலுகை, கைது அதிகாரம் கொண்ட காவலர்கள், சிறைக் காவலர்கள் விஷயத்தில் மட்டும்தான். அழைப்பு மேசைக்காரருக்கு வாரம் 40 மணி நேரம் தாண்டினாலே ஓவர்டைம் உண்டு. அவர் மேசையை விட்டு எழாமல் அழைப்புகளுக்கு நடுவே உண்டால், அது இடைவேளையே அல்ல.

வழக்குத் தொடுக்கக் கெடு இரண்டு ஆண்டுகள். வேண்டுமென்றே மீறியதை நிரூபித்தால் மூன்று. தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் பழைய பாக்கியில் ஒரு மாதத்தை அழித்துவிடுகிறது.