இரு வண்ண சாக்ஸ்: குதிகாலில் மாட்டிக்கொள்ளாமல் பின்னுவது எப்படி?

ஒரே நிறத்தில் ஒரு ஜோடி சாக்ஸாவது பின்னி முடித்தவர்களுக்கான குறிப்பு இது. நிட், பர்ல், வட்டமாகப் பின்னுவது எல்லாம் கைக்கு வந்திருக்க வேண்டும்.

முதல் இரு வண்ண சாக்ஸ் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சொதப்பும். பார்க்க அழகாக இருக்கும், கணுக்கால் அளவும் சரியாக இருக்கும், ஆனால் குதிகாலைத் தாண்டி ஏறாது. பலரும் கண்ணி போதவில்லை என்று நினைத்து எட்டு கண்ணி கூட்டிப் பின்னுகிறார்கள். அதுவும் ஏறாது. கோளாறு இருப்பது, ஒரு நிறத்தில் பின்னும்போது உள்பக்கம் ஓடும் மற்ற நிற நூலில்.

நூலும் ஊசியும்

75% கம்பளி, 25% நைலான் கலந்த சாக்ஸ் நூல், 100 கிராமுக்கு 400 மீட்டர் ஓடும் ரகம். முதன்மை நிறம் 100 கிராம், இரண்டாவது நிறம் 50 கிராம் போதும். இரண்டும் ஒரே தடிமனில் இருக்கட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கறுப்பு வெள்ளையில் ஒரு போட்டோ எடுங்கள். அதில் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் பின்னிய பிறகும் டிசைன் எடுபடாது. சிவப்பு, கருநீலம் போன்ற அடர் நிறம் என்றால் ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் இறங்கினால் வெள்ளையோடு சேர்க்காதீர்கள்.

ஊசி இரண்டு அளவு வேண்டும்: 2.25 மி.மீ., 2.75 மி.மீ. 2.25-இல் ஒரே நிறத்தில் 10 செ.மீ.க்கு 32 கண்ணி வருபவருக்கு, அதே ஊசியில் இரு நிறம் பின்னினால் 34 வரைகூடப் போகலாம். 2.75-க்கு மாறினால் 30-ஐ ஒட்டி வரும். பாதச் சுற்றளவு 22 செ.மீ. என்றால் 64 கண்ணி. ஒரே நிறப் பகுதி 20 செ.மீ. வரும், இழுபட்டு காலோடு ஒட்டிக்கொள்ளும். இரு நிறப் பகுதி அவ்வளவு இழுபடாது, அதனால் 21 செ.மீ.க்குக் குறையக் கூடாது. டிசைன் 4, 8 அல்லது 16 கண்ணிக்கு ஒருமுறை திரும்புவதாக இருந்தால் 64-இல் மிச்சமில்லாமல் அடங்கும்.

மாதிரித் துண்டைத் தட்டையாகப் பின்னி அளப்பது வீண் வேலை; பர்ல் வரிசையின் இறுக்கம் வேறு. சாக்ஸின் முதல் 4 செ.மீ. டிசைனையே மாதிரியாக நினைத்து அளங்கள். அளவு தவறினால் பிரிக்கத் தயங்கக் கூடாது, அவ்வளவுதான்.

மேல் விளிம்பு

2.25 ஊசியில் தளர்வாக 64 கண்ணி ஏற்றி, இரண்டு நிட் இரண்டு பர்ல் ரிப் 4 செ.மீ. ஒரே நிறத்தில். இரு வண்ண ரிப் பார்க்க அழகுதான், ஆனால் இழுபடாது. சாக்ஸுக்கு வேண்டாம்.

உள்பக்க நூல்

2.75-க்கு மாறி டிசைனைத் தொடங்குங்கள். ஒரு நிறத்தில் மூன்று கண்ணி பின்னும்போது மற்ற நிறம் பின்னால் அந்த மூன்று கண்ணியின் அகலத்துக்கு நீள வேண்டும். வலது ஊசியில் கண்ணிகள் நெருக்கியடித்து நிற்கும்போது நிறம் மாற்றினால், நூல் அந்தச் சுருங்கிய அகலத்துக்கே நின்றுவிடும். பிறகு துணி விரிய நினைத்தாலும் நூல் விடாது. ஆகவே ஒவ்வொரு முறை நிறம் மாற்றும் முன்னும் வலது ஊசியில் கடைசி ஐந்தாறு கண்ணிகளை விரலால் விரித்துவிட்டு, அதன் பிறகே அடுத்த நிறத்தை எடுங்கள். நூலைச் சுண்டி இழுக்காதீர்கள்.

அப்படியும் இறுகினால், பின்னிய சாக்ஸ் குழாயை உள்வெளியாகத் திருப்பிக்கொண்டு, உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் ஊசியில் பின்னுங்கள். நல்ல பக்கம் அப்போதும் உங்களைப் பார்த்தபடிதான் இருக்கும். உள்பக்க நூல் வளைவின் வெளிப்புறமாகச் சுற்றுவதால் தானாகவே கொஞ்சம் நீளமாகும். ஊசி மாறும் மூலைகளில்தான் இறுக்கம் அதிகம் என்பதால், நான்கைந்து நேர் ஊசிகளைவிட 23 செ.மீ. வட்ட ஊசியே என் தேர்வு. கை வலிக்கும், ஆனால் மூலையே கிடையாது.

ஐந்து கண்ணிக்கு மேல் நூல் நீண்டால் நடுவில் ஒருமுறை இரண்டு நூலையும் முறுக்கிப் பிடியுங்கள், இல்லாவிட்டால் கால்விரல் மாட்டும். அடுத்தடுத்த சுற்றுகளில் ஒரே கண்ணிக்குப் பின்னால் முறுக்கினால் வெளியே கோடாகத் தெரியும். இடம் மாற்றிக்கொண்டே போங்கள்.

குதிகாலுக்கு முன் ஒரு சோதனை

இதை மட்டும் தவிர்க்காதீர்கள். குதிகாலின் நுனியிலிருந்து பாதம் மடியும் இடம் வரை சாய்வாக டேப்பைச் சுற்றி அளங்கள். கணுக்காலைவிடப் பல செ.மீ. கூடுதலாக இருக்கும், சாக்ஸ் தாண்ட வேண்டிய அளவு அதுதான். கண்ணிகளை நீளமான ஒரு நூலில் மாற்றிக் காலில் போட்டுப் பாருங்கள். ஏறவில்லையா, பிரியுங்கள். தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்தால் கண்ணிகள் சீராகும், ஆனால் குட்டையாக விட்ட நூல் நீளாது.

குதிகால் ஒரே நிறத்தில், 2.25 ஊசியில்: 32 கண்ணி, 32 வரிசை, ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணியைப் பின்னாமல் மாற்றிவிடுங்கள். ஓரத்தில் 16 கண்ணி எடுக்கக் கிடைக்கும். மூலையில் 17-ஆவது ஒன்றும் எடுங்கள், ஓட்டை விழாது. மற்றதெல்லாம் வழக்கமான சாக்ஸ்தான்.

நிறம் மாறிப் பின்னிய ஒற்றைக் கண்ணிக்காகப் பத்து சுற்று பிரிக்க வேண்டாம். சரியான நிற நூலைத் தையல் ஊசியில் கோத்து, அந்தக் கண்ணியின் வடிவத்திலேயே மேலே தைத்துவிடலாம்.

பிற்சேர்க்கை: "இரண்டாவது சாக்ஸ் மட்டும் டிசைன் மங்கலாக இருக்கிறதே?" என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. நூல்கள் இடம் மாறியிருக்கும். பின்பக்கம் கீழாக ஓடும் நூலின் நிறமே முன்பக்கம் எடுப்பாகத் தெரியும். கைக்கு ஒரு நூலாகப் பிடிப்பவர்களுக்குப் பொதுவாக இடது கை நூல்தான் கீழே ஓடும். டிசைன் நிறம் இடது கையில் என்று ஒரு சீட்டில் எழுதி ஊசிப் பையில் போட்டுவையுங்கள்.