இருட்டறைக்குப் பகல் வெளிச்சம்: குழாய் ஸ்கைலைட்

ஜன்னல் வைக்க வழியில்லாத அறைக்கு குழாய் ஸ்கைலைட், அதாவது மொட்டை மாடியிலிருந்து சூரிய வெளிச்சத்தைக் கீழே இறக்கும் குழாய், அருமையான தீர்வு. சுமார் 150 சதுர அடிக்கு 10 அங்குலக் குழாய் போதும். பெரிய அறைக்கு 14 அங்குலம்.

கான்கிரீட் தளத்தைச் சுத்தியலால் உடைக்கவே உடைக்காதீர்கள். கம்பி ஓடும் இடத்தை ஸ்கேன் செய்து, பொறியாளரைக் கேட்டுக்கொண்டு, கோர் கட்டிங் மெஷினால் (கான்கிரீட்டை வட்டமாக அறுக்கும் இயந்திரம்) துளையிடுங்கள். பீம் பக்கம் போகக்கூடாது. துளையைச் சுற்றி 6 அங்குல உயரத்துக்கு வரம்பு கட்டி, அதன் உச்சிவரை வாட்டர்புரூஃபிங்கை ஏற்றிய பிறகே, வெளிச்சத்தை உள்ளே விடும் மேல்மூடியைப் பொருத்த வேண்டும். வரம்பில்லாவிட்டால் தேங்கும் மழைநீர் நேராகச் சீலிங்குக்குள் இறங்கும்.

குழாயின் உட்புறம் கண்ணாடிபோல் பளபளக்கும். விரல் பட்டால் தடம் நிற்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே ஒட்டிய பாதுகாப்பு ஃபிலிமை மறக்காமல் உரியுங்கள். வளைவு கூடக்கூட வெளிச்சம் குறையும்.

படுக்கையறை என்றால் டிம்மர் அவசியம். இது விளக்குக்கான டிம்மர் அல்ல, குழாய்க்குள் திரும்பும் தகடு. சிறு மோட்டார் அதைத் திருப்பும். ஃபேன் ரெகுலேட்டரில் இணைக்காதீர்கள், அதனுடன் வரும் ஸ்விட்சையே பயன்படுத்துங்கள். சீலிங்கில் குழாயின் கீழ்மூடியை மாட்டும் முன்பே வயரை இழுத்துவிடுங்கள். பிறகென்றால் பூசிய சுவரை வெட்ட வேண்டிவரும். முழுக்க மூடினாலும் ஓரத்தில் லேசாக வெளிச்சம் கசியும், அது பழுதல்ல.