மொட்டை மாடி நிழல்வலைக் குடிலில் நாற்று விடுவது எப்படி?

சென்னை தண்டையார்பேட்டை வெயிலுக்கு பாலித்தீன் ஷீட் போர்த்திய பசுமைக்குடில் ஒத்துவராது. உள்ளே வெக்கை கட்டி, முளை வெந்துவிடும். வெயிலில் பாதியைத் தடுக்கும் 50 சதவீத பச்சை நிழல்வலை போதும். 75 சதவீத வலை வாங்கவே வாங்காதீர்கள். வெளிச்சம் போதாமல் நாற்று நூல் மாதிரி நீண்டு சாய்ந்துவிடும்.

என் குடில் ஆறடிக்கு நாலடி. பிவிசி பைப்பை வளைத்து, கால்களை சிமென்ட் ஊற்றிய பெயின்ட் டப்பாக்களில் நிறுத்தியிருக்கிறேன். வலையைக் கட்ட கட்டுக்கம்பி வேண்டாம், உப்புக்காற்றில் துருவேறி அறுந்துவிடும். காசிமேட்டில் மீன்வலைக்குப் பயன்படுத்தும் நைலான் கயிறுதான் நிற்கிறது.

1. தென்னைநார்க் கட்டியை ஊறவைத்து அலசுங்கள். முதல் தண்ணீர் வரக்காப்பி நிறத்தில் வரும். தெளியும்வரை மூன்று நான்கு தடவை மாற்றுங்கள். நாரில் இருக்கும் உப்பு அப்போதுதான் போகும். அலசவும் ஊற்றவும் போர் தண்ணீர் வேண்டாம். எங்கள் தெருவில் அந்தத் தண்ணீர் பட்ட வாளி விளிம்பில் வெள்ளை பூத்துக் கிடக்கும். மெட்ரோ தண்ணீரோ மழைநீரோ நல்லது.

2. மூன்று பங்கு நார், ஒரு பங்கு மண்புழு உரம். 98 குழித்தட்டில் நிரப்பி, குழிக்கு ஒரு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம். தட்டு தக்காளி, கத்தரி, மிளகாய்க்குத்தான். வெண்டை, சுரை, புடலை எல்லாம் நேரே தொட்டியிலேயே ஊன்றுங்கள்.

3. தட்டைக் கறுப்பு ஷீட்டால் மூடி, முதல் முளை தெரிந்த அன்றே எடுத்துவிடுங்கள். தக்காளி ஒரு வாரத்துக்குள் தலைகாட்டும். கத்தரியும் மிளகாயும் இன்னும் சில நாள் எடுக்கும்.

4. தண்ணீர். என் முதல் தட்டு முழுக்கப் போனது இங்கேதான். பத்தாம் நாள் காலையில் பார்த்தால் தக்காளி நாற்றுகள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. வாடிவிட்டது என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். சாயங்காலத்துக்குள் மீதியும் சாய்ந்தது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். இலை பச்சையாகவே இருந்தது. மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் தண்டு ஊசி மாதிரி சுருங்கி, பழுப்பாகி, விரல் பட்டதும் வழுக்கியது. அது நாற்றழுகல். ஈரம் தேங்கினால் பித்தியம் மாதிரி நோய்க்கிருமிகள் செய்கிற வேலை. தண்ணீர் ஊற்ற ஊற்ற அது பரவும்.

அதற்குப் பிறகு நான் தட்டைத் தூக்கிப் பார்க்காமல் ஊற்றுவதில்லை. கனமாக இருந்தால் விட்டுவிடுவேன். லேசாக இருந்தால், காலையில் மட்டும், அகலமான ட்ரேயில் ஒரு விரல்கடை தண்ணீர் விட்டு, தட்டைப் பத்து நிமிஷம் வைத்து எடுப்பேன். மேல்பரப்பு காய்ந்தே இருக்கும், வேர் குடித்துக்கொள்ளும். விதைக்கும் முன் விதையை ஒரு சிட்டிகை டிரைக்கோடெர்மா விரிடி (நோய்க்கிருமியை அடக்கும் நல்ல பூஞ்சை) தூளில் புரட்டுவதையும் விடுவதில்லை.

5. தக்காளி 25 நாளில் தொட்டிக்குப் போகலாம். கத்தரிக்கு ஒரு மாசத்துக்குக் கொஞ்சம் மேல், மிளகாய்க்கு 35 முதல் 40 நாள். கடைசி வாரம் காலை வெயிலில் தினமும் கொஞ்ச நேரம் கூடுதலாக வைத்துப் பழக்குங்கள். ஆடியில் விதைத்தால் ஐப்பசி அடைமழைக்குள் செடி வேர் பிடித்துவிடும். அந்த மழை மாசங்களில் மட்டும் குடிலின் மேலே தெளிவான ஷீட் போட்டு, பக்கங்களைத் திறந்தே விடுங்கள்.

பின்சேர்க்கை: விதையே முளைக்கவில்லை என்று இரண்டு பேர் சொன்னார்கள். ஒருவர் வீட்டில் போய்ப் பார்த்தேன், எறும்பு குழி குழியாக விதையைத் தூக்கிப் போயிருந்தது. தட்டை மேசை மேல் வைத்து, மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். அந்தத் தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டி மாற்றிவிடுங்கள், கொசு முட்டையிடும்.