ஆற்றுகைக் கலைக்குப் புதிதாக வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன சனிக்கிழமை வெள்ளவத்தையில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் ஆற்றுகைக் கலை பழகும் நான்கு பிள்ளைகளின் ஒத்திகை பார்த்தேன். கலைஞர் தன் உடம்பையே படைப்பாக்கிப் பார்வையாளர் முன் வைக்கும் கலை (performance art) அது. 'தீர்த்த' கலைஞர் குழு 2000ல் தொடங்கிய காலத்தில் கொழும்பில் ஆற்றுகைக் கலை என்றால் பந்து மனம்பேரி போன்ற சிலர்தான் நினைவுக்கு வருவார்கள். இன்று தமிழ்ப் பிள்ளைகளும் வருவது எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் நாலு பேரில் மூன்று பேர் மௌன விரதம். மூவர் முன்னாலும், பார்வையாளர் என்ன செய்யவேண்டும் என்று ஆங்கிலத்தில் மட்டும் அச்சடித்த ஓர் அட்டை. பத்து வருடத்துக்கு முன் நான் வைத்த அதே அட்டை.

நேரத்துக்கு வருவது, இடத்துக்கு அனுமதி எடுப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். விட்டுவிடுகிறேன்.

உடம்புக்கு மொழி வேண்டாம் என்று நம்புவது

மேடை நாடகத்தில் நடிகர் ஒரு பாத்திரத்துக்குள் ஒதுங்கி நிற்கலாம். இங்கே அந்த மறைப்பு இல்லை. பார்க்க வந்தவரைத் தொட அழைத்தால் அவர் கையும் படைப்பில் சேர்ந்துவிடும். அந்தக் கைக்கு வழி சொல்வது உங்கள் பொறுப்பு.

செர்பிய ஆற்றுகைக் கலைஞர் மரீனா அப்ரமோவிச் 1974ல் நேப்பிள்ஸில் செய்த 'ரிதம் 0' பற்றிப் பேசும்போது எல்லோரும் மேசையில் இருந்த துப்பாக்கியைத்தான் சொல்வார்கள். நான் பிள்ளைகளுக்குக் காட்டுவது அங்கிருந்த அறிவுறுத்தலை. 72 பொருட்கள், என்மீது விரும்பியபடி பயன்படுத்தலாம், முழுப் பொறுப்பும் என்னுடையது, 6 மணித்தியாலம். அவ்வளவு தெளிவாகச் சொல்லியும் உடை வெட்டப்பட்டது, தோல் கீறப்பட்டது, துப்பாக்கி அவர்மீதே நீட்டப்பட்டது. நாம் வைக்கும் அட்டையை வாசிக்கவே முடியாதவர் என்ன செய்வார்?

நடந்ததைச் சொல்கிறேன். பொரளைப் பக்கம் ஒரு கலைக்கூடம். என் முன்னால் வெள்ளை நூல்கண்டும் கத்தரிக்கோலும். என் மணிக்கட்டில் ஒரு நூல் கட்டுங்கள், போகுமுன் இன்னொருவர் கட்டியதை வெட்டுங்கள் என்பது அட்டை. மூன்று மணித்தியாலம் பேசுவதில்லை என்று நானே விதித்துக்கொண்டேன்.

கூட்டம் குறைந்த நேரம், தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி வந்தார். "பிள்ளை, இதில என்ன எழுதியிருக்கு?" நான் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கையில் இருந்த நூல்களைப் பார்த்து அவரே ஒரு முடிவுக்கு வந்தார். நூலை எடுத்து மூன்று முடிச்சுப் போட்டார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்து, என் உச்சந்தலையைத் தொட்டார். காப்புக் கட்டிவிட்டார்.

அடுத்து வந்தவர் அட்டையை வாசித்தார். மேலே தெரிந்த நூலை வெட்டினார். அக்கா இன்னும் அங்கேயே நின்றிருந்தார். "ஐயோ, ஏன் வெட்டினீங்க?" அப்போதும் நான் பேசவில்லை. அவர் குனிந்து, தரையில் கிடந்த நூலைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

அடுத்த நாள் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். "வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாமே, பிள்ளை," என்றார். அந்தக் குரலில் கோபமே இல்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

இந்த ஊரில் விகாரையில் பௌத்தர்கள் பிரித் ஓதிய நூல் கட்டுவார்கள், கோயிலில் காப்புக் கட்டுவார்கள். தானாக இற்றுப்போகும்வரை பலர் கழற்றமாட்டார்கள். நானும் சின்ன வயதில் கட்டியவள்தான். ஆனால் அன்று அது எனக்கு வெறும் நூலாகத் தெரிந்தது.

ஆகவே தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும், ஒரே அளவு எழுத்தில் எழுதுங்கள். கேட்டால் பதில் சொல்ல ஒருவரைப் பக்கத்தில் நிறுத்துங்கள். வாசல் காவலாளியிடமும் தேத்தண்ணி ஊற்றுகிறவரிடமும் முதலில் காட்டி, "இதைப் பார்த்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். அவர்களுக்குப் புரியாவிட்டால் மாற்றவேண்டியது அட்டையை. மௌனம் என்றால், எப்போது அதை உடைப்பீர்கள் என்பதையும் முன்பே தீர்மானியுங்கள்.

வெயிலை மறப்பது

எந்த மணிக்கு ஆற்றுகையோ அந்த மணிக்கே ஒத்திகை. பகல் 2 மணிக்குச் சிமெந்துத் தரை வெறுங்காலைச் சுடும். உடம்பில் பூசிய அரிசிமா வியர்வையில் பசையாகிவிடும். கண்ணுக்குள் இறங்கினால் தாங்கமுடியாது. ஏப்ரலில் வெளியே செய்வதென்றால் பின்னேர இடிமழையையும் கணக்கில் எடுங்கள்.

இரத்தம்

இரத்தம் என்று காட்டச் சிவப்புச் சாயம் வேண்டாம்.

முடிவு

ஆற்றுகை எப்போது முடியும் என்பது உதவிக்கு நிற்பவருக்காவது தெரிந்திருக்கவேண்டும்.

தவறியதை வெட்டி எறிவது

பிசகிய பகுதியை வீடியோவில் நீக்கிவிடுகிறார்கள். தாய்வானில் பிறந்த ஆற்றுகைக் கலைஞர் தெஹ்சிங் ஷியே 1980 ஏப்ரல் 11 தொடங்கி ஒரு வருடம், மணிக்கு ஒருமுறை வருகைக் கடிகாரத்தில் அட்டை அடித்தார். 8,760 தடவையில் 133 தவறின. தூங்கிப்போனது, பிந்தியது, முந்தியது என்று அவற்றையும் வகை பிரித்துப் பதிவில் வைத்தார். என் கொப்பியில் அந்த நூல் ஆற்றுகை நடந்த நாளுக்கு எதிரே ஒரே வரி இருக்கிறது: அக்கா கேட்டார், நான் பேசவில்லை.