கடல்விமானம் ஓட்டக் கற்பது எப்படி

கடல்விமானத்திற்குப் பிரேக் கிடையாது. இன்ஜின் உயிர்பெற்ற நொடியிலேயே அது நகரத் தொடங்கிவிடும். நிறுத்திவைத்து யோசிக்க வழியில்லை. தரை விமானத்தில் நூற்றுக்கணக்கான மணி நேரம் பறந்தவர்கூட முதல் நாளில் தடுமாறுவது வானத்தில் அல்ல, படகுத்துறையிலிருந்து இருபதடி தள்ளித்தான். மேலே ஏறிவிட்டால், சக்கரங்களுக்குப் பதிலாகப் பொருத்திய மிதவைகளின் எடையாலும் காற்றுத் தடையாலும் சற்று மந்தமாக இருக்குமே தவிர, மற்ற விமானங்களைப் போலவே பறக்கும். ஆகவே பொழுதுபோக்காக இதைக் கற்க முனைபவர், தாம் கற்கப்போவது பெரும்பாலும் நீரையும் காற்றையும் பற்றியே என்ற எண்ணத்தோடு தொடங்குவது நல்லது.

பெயரில் கடல் இருந்தாலும் இந்தப் பயிற்சி பெரும்பாலும் ஏரியில்தான் நடக்கிறது. 1910ஆம் ஆண்டு மார்ச் 28 அன்று பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்றி ஃபாப்ர் முதன்முதலாக நீரிலிருந்து தன் விசையால் மேலெழுந்ததுகூடத் தென் பிரான்சின் ஓர் உப்பங்கழியிலிருந்துதான். நம் புழல் ஏரியிலும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படையின் கேட்டலினா பறக்கும் படகுகள் இறங்கி ஏறின என்பது சென்னைக்காரர் பலருக்குத் தெரியாது. இன்று ஆசைக்காகக் கற்பவர்கள் அதிகம் நாடும் இடங்களில் ஒன்று அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், ஏரிகள் சூழ்ந்த வின்டர் ஹேவன் என்னும் ஊர். அங்குள்ள ஜாக் பிரவுன் கடல்விமானத் தளம் 1963 முதல் இயங்கி வருகிறது. பைப்பர் ஜே-3 கப் என்னும் பழைய, இலகுவான இரட்டை இருக்கை விமானங்களில் அங்கே கற்பிக்கிறார்கள். வழிமுறைகள் எங்கும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், அத்தகைய கப் விமானத்தையும் அமெரிக்க விதிகளையும் வைத்தே இங்கு விளக்குகிறேன்.

அமெரிக்காவில் தனியார் விமானி உரிமம் ஏற்கெனவே உள்ளவர், ஒற்றை இன்ஜின் கடல்விமானத் தகுதியை அதனோடு சேர்த்துக்கொள்ளலாம். அதற்கென எழுத்துத் தேர்வு இல்லை. இத்தனை மணி நேரம் பறந்தாக வேண்டும் என்ற குறைந்தபட்சக் கணக்கும் இல்லை. நீங்கள் தயார் என்று பயிற்றுநர் உங்கள் பறப்புப் பதிவேட்டில் சான்றளித்தபின், தேர்வாளர் ஒருவருடன் வாய்மொழித் தேர்வும் பறந்து காட்டும் செய்முறைத் தேர்வும் முடித்தால் போதும். நடைமுறையில் இரண்டு மூன்று நாள்களில், ஐந்து முதல் எட்டு மணி நேரப் பறப்பில் பெரும்பாலோர் முடித்துவிடுகிறார்கள். கனடாவில் விதி வேறு: குறைந்தது 7 மணி நேரப் பயிற்சி வேண்டும், அதில் 5 மணி நேரம் பயிற்றுநரோடு இருக்க வேண்டும். எந்த உரிமமும் இல்லாதவர் தொடக்கத்திலிருந்தே கடல்விமானத்தில் கற்கவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் தரை விமானத்தில் உரிமம் பெற்றுவிட்டு வருவதே பணத்திற்கும் மன அமைதிக்கும் நல்லது என்பது என் கருத்து. இந்திய உரிமம் வைத்திருப்பவர் அதன் அடிப்படையில் அமெரிக்க உரிமம் ஒன்றைப் பெற்று, அதில் இந்தத் தகுதியைச் சேர்க்கலாம். உரிமத்தைச் சரிபார்க்கும் கடிதப் போக்குவரத்திற்குச் சில வாரங்கள் பிடிக்குமாதலால், பயணச்சீட்டு எடுக்குமுன் அதைத் தொடங்கிவிட வேண்டும்.

முதல் நாள் காலை வேலை பம்படிப்பது. மிதவை ஒவ்வொன்றும் குறைந்தது நான்கு நீர்புகா அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கும். இரண்டு மிதவைகளும் சேர்ந்து விமானத்தின் முழு எடையைப் போல் 1.8 மடங்கைத் தாங்கும் அளவுக்கு இருக்க வேண்டும் என்பது விதி. ஆனாலும் ஆணித் துளைகளின் வழியே கொஞ்சம் நீர் கசிந்துகொண்டேதான் இருக்கும். மிதவையின் மேல் வரிசையாக உள்ள சிறு கிண்ணங்களில் ரப்பர்ப் பந்துகள் அடைத்திருக்கும். ஒவ்வொன்றாக எடுத்துக் கைப்பம்பைப் பொருத்தி, நீர் வருவது நின்று வெறும் காற்று இரையும்வரை இழுக்க வேண்டும். எத்தனை இழுப்பு என்று எண்ணுங்கள். நேற்று ஐந்து இழுப்பில் வற்றிய அறை இன்று முப்பது கேட்டால், அங்கே ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். பந்தைத் திரும்ப அடைக்க மறக்கக் கூடாது. ஓட்டத்தில் தெறிக்கும் நீர் அந்த வழியாகவே உள்ளே போகும்.

கப் விமானத்தில் மின்சாரத் தொடக்கி இல்லை. ஒருவர் மிதவையில் புரொப்பெல்லருக்குப் பின்னால் நின்று, ஒரு கையால் விமானத்தைப் பற்றிக்கொண்டு மறு கையால் அதைச் சுண்டிவிடுவார். இன்ஜின் உயிர்பெற்றதும் அவர் உள்ளே ஏறுவதற்குள் விமானம் நகர்ந்திருக்கும். ஆகவே இருக்கைப் பட்டை, உயிர்காப்பு உடை, நீர்ச்சுக்கான் (மிதவையின் பின்முனையில் நீருக்குள் இறங்கித் திசைதிருப்பும் சிறு பலகை) இறக்கப்பட்டிருத்தல், எந்தத் திசையில் போகப்போகிறோம் என்ற முடிவு ஆகிய அனைத்தும் இன்ஜினுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கயிறு அவிழ்ப்பது கடைசி.

நீரில் ஓட்டுவது மூன்று வகை. முதலாவது மெதுவோட்டம்: இன்ஜினைக் குறைந்த வேகத்தில் வைத்து, நீர்ச்சுக்கானை இறக்கி, ஸ்டிக்கை, அதாவது விமானியின் கைப்பிடிக் கோலை, முழுவதும் பின்னுக்கு இழுத்துப் படகைப் போல நகர்வது. இரண்டாவது உழவோட்டம்: விசையைக் கூட்டியதும் மூக்கு வானத்தைப் பார்த்து நிமிரும். முன்னால் ஒன்றும் தெரியாது, இன்ஜின் சூடேறும், தெறிக்கும் நீர் புரொப்பெல்லரை அரிக்கும். பலத்த காற்றில் திரும்பியே ஆக வேண்டும் என்ற நிலையிலன்றி இதைக் கையாளக் கூடாது. மூன்றாவது படியோட்டம். மிதவையின் அடிப்பாகத்தில் நடுவே ஒரு படி வெட்டப்பட்டிருக்கும். வேகம் கூடியதும் மிதவை நீரைக் கிழிப்பதை விட்டு, அந்தப் படிக்கு முன்னுள்ள பகுதியால் நீரின்மேல் வழுக்கத் தொடங்கும். நீர்ச்சுக்கான்கள் அப்போது மேலே தூக்கப்பட்டிருக்க வேண்டும். இந்த வேகத்தில் காற்றோடு போய்க்கொண்டிருந்து எதிர்காற்றை நோக்கித் திரும்புவது ஆபத்தானது. ஏனெனில் திருப்பத்தில் வெளிப்புறம் தள்ளும் விசையும் பக்கவாட்டுக் காற்றும் ஒரே திசையில் சேர்ந்து, வெளிப்புற மிதவையை நீருக்குள் அமுக்கிக் கவிழ்த்துவிடக்கூடும்.

இவை எல்லாவற்றிற்கும் அடியில் ஓர் உண்மை இருக்கிறது. வால் காற்றைப் பிடிப்பதால், நீரில் மிதக்கும் விமானம் காற்றுத்திசை காட்டியைப் போல எப்போதும் மூக்கைக் காற்றுக்கு எதிரே திருப்பப் பார்க்கும். இதை எதிர்த்துச் சண்டையிடுபவர் களைத்துப்போவார். பயன்படுத்திக்கொள்பவர் கரை சேர்வார். காற்று பலமாக இருந்து திரும்ப முடியாவிட்டால், இன்ஜினை அணைத்துவிட்டு, நீர்ச்சுக்கானைத் தூக்கிவிட்டு, பாய்மரம் போலப் பின்னோக்கி மிதந்தே வேண்டிய இடத்திற்குப் போகலாம். பின்னால் இடப்பக்கம் போக வேண்டுமா? ஸ்டிக்கை இடப்பக்கம் சாயுங்கள், வலக்காலால் வால் சுக்கானின் மிதியை அழுத்துங்கள். போக வேண்டிய பக்கம் ஸ்டிக், எதிர்ப்பக்கம் கால் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். இரண்டாம் நாள் மாலை இது எனக்குக் கைவந்தபோது, இன்ஜின் ஓசையே இல்லாமல் விமானம் பின்னால் நகர்ந்து நாணல் ஓரத்தில் ஒதுங்கியதை இன்னும் மறக்கவில்லை.

காற்றைப் படிக்கத் தெரியாமல் இதில் எதுவும் நடக்காது. ஏரியில் காற்றுப்பை கட்டிய கம்பம் இருக்காது, ஏரியே கம்பம். காற்று வரும் பக்கத்துக் கரையோரத்தில், மரங்களின் மறைவில், நீர் ஒரு பட்டையாகச் சலனமின்றி இருக்கும். எதிர்க்கரையில் அலை மோதிக்கொண்டிருக்கும். காற்று வலுக்கும்போது நீர்ப்பரப்பில் காற்றின் போக்கிலேயே நீண்ட கோடுகள் விழும். அலைகளோ அதற்குக் குறுக்கே இருக்கும். நங்கூரமிட்ட படகு நீரோட்டம் இல்லாத ஏரியில் காற்றைப் பார்த்தே நிற்கும். வாத்துகளும் நீர்க்கோழிகளும் காற்றை எதிர்த்தே இறங்கும், எழும். வெண்நுரை ஆங்காங்கே தலைகாட்டினால் காற்று ஏறத்தாழ பத்து நாட் (மணிக்குப் பத்து கடல்மைல்) வேகத்தைத் தொட்டுவிட்டது என்று கொள்ளலாம். ஏரி முழுவதும் அது பூத்திருந்தால், கப் போன்ற இலகுவான விமானத்தில் அன்றைய பயிற்சியை ஒத்திவைப்பதே சரி. நம் கடற்கரையில் கட்டுமரம் தள்ளுகிறவர் ஒரு பார்வையில் சொல்லிவிடும் இந்தச் செய்தியை, விமானிகள் காசு கொடுத்துக் கற்கிறோம்.

மேலெழுவதற்கு முன் கார்ஸ் (CARS) என்ற ஒரு சுருக்கச் சொல்லை மனப்பாடம் செய்யச் சொல்வார்கள்: கார்புரேட்டரில் பனி கட்டாமல் காக்கும் வெப்பம் அணைந்திருக்கிறதா, ஓடுபரப்பில் படகோ மரக்கட்டையோ இல்லாமல் இருக்கிறதா, நீர்ச்சுக்கான்கள் மேலே உள்ளனவா, ஸ்டிக் பின்னால் இருக்கிறதா என்று வரிசையாகப் பார்ப்பது. பிறகு முழு விசை. மூக்கு ஒருமுறை எழும்பும், தயங்கும், இரண்டாம் முறை இன்னும் உயரும். அப்போது ஸ்டிக்கை மெல்லத் தளர்த்தினால் விமானம் படிமேல் ஏறிக்கொள்ளும். அங்கே ஒரு குறிப்பிட்ட மூக்கு நிலையில் நீரின் இழுவை மிகக் குறைந்திருக்கும். அதைக் கண்ணால் தேடுவதைவிட இருக்கையின் அதிர்வில் உணர்வதே எளிது. மூக்கைத் தாழ்த்திவிட்டால் விமானம் ஓங்கில் (டால்பின்) துள்ளுவதைப் போல மேலும் கீழும் துள்ளத் தொடங்கும். ஒவ்வொரு துள்ளலும் முந்தையதைவிடப் பெரிதாகும். அதைத் துரத்தித் துரத்திச் சரிசெய்ய முயலக் கூடாது. ஸ்டிக்கைப் பின்னால் இழுத்துப் பிடியுங்கள். அடங்காவிட்டால் விசையைக் குறைத்து, நின்று, மறுபடி தொடங்குங்கள். நீர் அசைவற்றிருக்கும் நாள்களில் மிதவை பரப்போடு ஒட்டிக்கொண்டு விடாது; இறக்கை விளிம்பிலுள்ள எய்லரான் மடல்களால் விமானத்தைச் சற்றே சாய்த்து ஒரு மிதவையை முதலில் பிரித்தெடுத்தால் மற்றது தானே வரும்.

இறங்குவதில் சாதாரண இறக்கத்தைவிட, கண்ணாடி நீரில் இறங்குவதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். அலையில்லாத ஏரி கரையில் நிற்பவருக்கு அழகாகத் தோன்றும். விமானிக்கு அதுவே மிக மோசமான பொறி. நீர்ப்பரப்பு எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. தெரிவது வானத்தின் பிம்பம் மட்டுமே. என் முதல் முயற்சியில் நீரைத் தொட்டுவிட்டோம் என்று நம்பி மூக்கை நிமிர்த்தினேன். முன்னிருக்கையிலிருந்த பயிற்றுநர் ஒன்றும் பேசாமல் விசையைக் கூட்டினார். உண்மையில் பத்தடிக்கு மேல் உயரத்தில் இருந்தோம். முறை இதுதான்: கரையை ஒட்டி, அதற்கு இணையாக, மரமும் நாணலும் பக்கவாட்டில் தெரியும்படி வாருங்கள். தாழ்வாக வந்ததும், இறங்குவதற்குரிய மூக்கு நிலையை அமைத்து, நிமிடத்திற்கு 150 அடிக்கு மிகாமல் இறங்கும் அளவுக்கு விசையை வைத்து, அதற்குப்பின் எதையும் மாற்றாமல் காத்திருங்கள். நீர் உங்களைத் தொடட்டும்; நீங்கள் அதைத் தேட வேண்டாம். தொட்டதும் விசையைக் குறைத்து ஸ்டிக்கைப் பின்னால் இழுங்கள். இம்முறைக்கு ஏரியில் நீளம் நிறையத் தேவைப்படும் என்பதால், முன்கூட்டியே கணக்கிட வேண்டும். இறங்க முடிந்த ஏரியிலிருந்தெல்லாம் ஏற முடியாது என்பதையும் சேர்த்தே கணக்கிடுங்கள். ஏறுவதற்கு வேண்டிய தூரம் இறங்குவதைவிட மிக அதிகம், வெப்ப நாளில் அது இன்னும் நீளும்.

துறைக்கு வரும்போது எதிர்காற்றில் வந்து, இன்ஜினை முன்பே அணைத்து, மிதந்தே சேர வேண்டும். நான் ஒருமுறை தாமதமாக அணைத்து, துறையில் கட்டியிருந்த பழைய டயர்களை நன்றாகவே சோதித்தேன். புரொப்பெல்லர் முற்றிலும் நிற்கும்வரை யாரும் மிதவையில் முன்னோக்கி நடக்கக் கூடாது. நீரில் பெரிய காயங்கள் இப்படியும் நேர்கின்றன. உயிர்காப்பு உடையை விமானத்திற்குள் ஊதவே கூடாது. தலைகீழாகக் கவிழ்ந்த அறையில் ஊதிய உடை உங்களை மிதக்கவைத்துக் கதவுக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளி அடைத்துவிடும். கதவைத் திறந்து, ஒரு கையால் வெளியேறும் வழியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அதன்பிறகே பட்டையை அவிழ்த்து, வெளியே வந்தபின் ஊத வேண்டும். நீச்சல் குளத்தில் கூண்டைக் கவிழ்த்துப் பழக்கும் பயிற்சி கிடைத்தால் அதைத் தவறவிடாதீர்கள்.

தேர்வு பெரிதாக அச்சுறுத்துவதல்ல. மேலே சொன்னவற்றையே செய்து காட்டச் சொல்வார்கள். சிக்கல் அதற்குப் பின் வருகிறது. காப்பீட்டுக் காரணங்களால், தகுதி பெற்றவரிடம்கூடக் கடல்விமானத்தைத் தனியாக வாடகைக்கு விடும் இடங்கள் மிகக் குறைவு. பதிவு செய்யுமுன்பே இதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். பயணி ஒருவரை ஏற்றிச் செல்ல, கடந்த 90 நாள்களில் இதே வகை விமானத்தில் மூன்று முறை ஏறி இறங்கியிருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை பயிற்றுநரோடு போய்ப் பறந்து வருவதே பலருக்கு நடைமுறையில் சாத்தியமாகிறது.

சக்கரமும் மிதவையும் சேர்ந்த விமானத்திற்குப் பின்னர் மாற விரும்பினால், ஒவ்வோர் இறக்கத்திற்கு முன்பும் “இது நீர், சக்கரம் மேலே” என்றோ “இது தரை, சக்கரம் கீழே” என்றோ வாய்விட்டுச் சொல்லும் பழக்கத்தை முதல் நாளிலேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். சக்கரத்தை இறக்க மறந்து ஓடுபாதையில் இறங்கினால் மிதவையின் அடி தேயும், செலவு வரும். அதை இறக்கியபடியே நீரைத் தொட்டால் விமானம் தலைகீழாகக் கவிழும்.